ஆள் வேறு

கல்லத்திக்கொல்லை அரசுத் தொடக்கப்பள்ளியில் அன்று காலை அருள்மேரி டீச்சர் குமுதாவின் பெயரைக் கூப்பிட்டதும், மூன்றாவது பெஞ்சிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று குமுதாவின் குரல் வந்தது. குமுதாவோ அப்போதுதான் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கழற்றிய செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சின்மேல் சோற்று டப்பா அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. முன்பக்கம் சின்னதாக ஒரு கண்ணாடிக் கண், அதன் கீழே குரல் வரும் ஓட்டைகள், மேலே குமுதாவின் பெயர்.

"உள்ளேன் டீச்சர்" என்று குமுதாவும் சொன்னாள், மெதுவாக.

அருள்மேரி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எட்டு வயதில் செங்கல் சூளைக்குப் போன பிள்ளை, பத்து வயதில் உயிரோடு திரும்பி வந்திருக்கிறாள். ஆனால் டீச்சருக்கு முதலில் வந்தது 'மாட்டிக்கொண்டோம்' என்ற நினைப்புதான். அப்படி நினைத்ததற்காக அவர் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

குமுதாவுக்குப் பின்னால் அவள் அம்மா அலமேலு, இடுப்பில் ஐந்து வயதுப் பையனோடு நின்றாள். இரண்டு பேர் கால்களிலும் செம்மண் இன்னும் போகவில்லை.

"இன்னா டீச்சர், பொட்டி இன்னும் பேசிகினு கீது?" என்றாள் அலமேலு. "நாங்கதான் வந்துட்டமே."

"உடனே நிறுத்த முடியாது அலமேலு. பதினஞ்சு நாள் ஆகும்."

"எதுக்குப் பதினஞ்சு நாளு?"

"நீ கைநாட்டு வச்சப்ப சொன்னேனே, மறந்துட்டியா? இதுக்குப் பேரு ஈடு. குமுதா போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் இதுகிட்டப் பேசினா, படிச்சா, கணக்குப் போட்டா. அவ எப்படிப் படிப்பா, எங்க தப்பு பண்ணுவான்னு இது கத்துக்கிச்சு. அவ இல்லாத நாளெல்லாம் அவ எடத்துல உக்காந்து, அவ எப்படிப் படிச்சிருப்பாளோ அப்படியே படிச்சுச்சு. இப்ப அதையெல்லாம் அவளுக்கே திருப்பிச் சொல்லிக் குடுத்துட்டு அணைஞ்சிடும்."

"அப்ப எம்பொண்ணு அஞ்சாங் கிளாசா?"

"ஈடு அஞ்சாங் கிளாஸ்."

அலமேலு சிரித்தாள். சூளையிலேயே இருந்துகொண்டு மகள் இரண்டு வகுப்பு தாண்டிவிட்டாள் என்றால் எந்தத் தாய்தான் சிரிக்கமாட்டாள்? பையனை இறக்கிவிட்டு, இவன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

திட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. தை பிறந்தால் ஊரில் பாதிப்பேர், முன்பணம் கொடுத்துச் சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் லாரியில் ஏறி மலையிறங்கிவிடுவார்கள், பிள்ளைகளும் கூடவே. பத்துப் பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு வருஷ முடிவில் பூட்டு. பூட்டினால் மீதிப் பிள்ளைகள் காட்டுவழியே ஒன்பது கிலோமீட்டர் நடந்து கீழ்ப்பள்ளிக்குப் போகவேண்டும், வழியில் இரண்டு ஓடை. போகமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈடு வந்ததால் பள்ளி பிழைத்தது. ஈட்டையும் ஒரு தலையாகவே எண்ணினார்கள். இந்த வருஷம் பதிவேட்டில் பதினோரு பெயர், அதில் ஆறுதான் மூச்சு விடும். பதினோரு முட்டை வரும், ஆறு பிள்ளைகள் தின்பார்கள். சத்துணவு சமைக்கும் பச்சையம்மாள் மட்டும் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டாள். ஒருமுறை தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஐந்து பெட்டிகளும் ஒன்றாகப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டனவாம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடியவள்தான்.

ஈட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பிள்ளை இருக்கிற இடத்திலிருந்து போன் பண்ணி, கால் மணி நேரம் அதனோடு பேசவேண்டும். என்ன பார்த்தாய், என்ன படித்தாய், என்ன மறந்தாய் என்று ஈடு கேட்கும். பிள்ளை வளர்வதற்கேற்ப ஈடும் வளரும். மூன்று அழைப்பு தவறினால் ஈடு அணைந்துவிடும், பெயரும் போய்விடும்.

குமுதாவிடமிருந்து நான்கு அழைப்பு வந்தது. ஐந்தாவது வரவில்லை. சூளையில் மேஸ்திரி எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டான் என்று பிறகுதான் தெரிந்தது. ஆறாவதும் வரவில்லை. அந்த வருஷம் இன்னும் இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே அணைந்திருந்தன. மிச்சம் பத்துப் பெயர். குமுதாவும் போனால் ஒன்பது.

ஏழாவது அழைப்பு நாளன்று அருள்மேரி சமையல்கூடத்துக்குப் பின்னால் போய் நின்று, தன் போனிலிருந்து குமுதாவின் ஈட்டுக்குப் பேசினார். குமுதாவாகப் பேசினார்.

இதில் அவருக்குப் பெரிய தப்பு தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக டீச்சராக இருப்பவர். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே விடைகளைப் பலகையில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லாத டீச்சர் யார்? மலைப்பள்ளிகளில் அதைத் தப்பென்று யாரும் சொன்னதில்லை. பிள்ளைக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது. இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார். குரல் வித்தியாசத்தைப் பெட்டி பொருட்படுத்தவில்லை. பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், குரல் மாறும், லைன் இரையும் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள்.

"என்ன படிச்ச?" என்று ஈடு கேட்கும்.

"பின்னம் படிச்சேன். மொதல்ல புரியல, அப்புறம் புரிஞ்சிடுச்சு" என்பார் அருள்மேரி.

அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கும் என்று அவர் மனதார நம்பினார். இங்கேயே இருந்திருந்தால் கட்டாயம் புரிந்திருக்கும். நாற்பது அழைப்புகளுக்கு மேல் அப்படிப் பேசினார். சூளைக்குப் போகாத ஒரு குமுதாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே வளர்த்தார். ஈடு கெட்டிக்காரியாக வளர்ந்தது. கட்டுரைகூட எழுதியது. சில சாயங்காலங்களில் பிள்ளைகள் போன பிறகும் அதனோடு பேசிக்கொண்டிருப்பார். வகுப்பிலேயே அவருக்குப் பிடித்த பிள்ளை அதுதான்.

மறுநாள் பாடம் திருப்பும் வேலை தொடங்கியது. தினமும் மதியம் அரை மணி நேரம் குமுதாவும் ஈடும் எதிரெதிரே உட்கார வேண்டும். முதல் நாள் குமுதா பெட்டியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முந்நூத்து இருபத்தஞ்சோட நூத்தி எழுபத்தஞ்சு. எவ்ளோ?" என்று பெட்டி அவள் குரலிலேயே கேட்டது.

குமுதா கண்ணை மூடிக்கொண்டு, விரல்களைத் தரையில் நகர்த்தி, "அஞ்சு நூறு" என்றாள். பட்டென்று வந்தது விடை.

"எப்படிச் செஞ்ச? படி எங்க?"

"படியா? கல்லு அடுக்கினேன். இருபத்தஞ்சுக் கல்லு ஒரு வரிசை. இதுல பதிமூணு வரிசை, அதுல ஏழு. இருபது வரிசை."

"அது முறை இல்ல. ஒண்ணாம் எடத்துலேர்ந்து ஆரம்பி."

குமுதா ஸ்லேட்டைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் மேசைக்கு வந்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து தடித்துக் கிடந்தன. சுடாத பச்சைச் செங்கல்லைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு அப்படி ஆகியிருந்தது.

"டீச்சர், அது எங்கொரல்ல பேசுது. ஆனா என் மாரி பேசல."

"பின்ன?"

"உங்க மாரி பேசுது."

அருள்மேரி பதிவேட்டைப் புரட்டுவது போல் தலையைக் குனிந்துகொண்டார். "போய் உக்காரு. போகப்போகச் சரியாயிடும்" என்றார்.

சரியாகவில்லை. பின்னம் ஏறவில்லை. ஈடு சொல்லும் கதைகளும் குமுதாவுக்குப் பிடிக்கவில்லை. 'போன வருஷம் சூளைல மழை பெஞ்சப்ப நீ ஜன்னல்கிட்ட உக்காந்து புஸ்தகம் படிச்சியே' என்று ஒருநாள் அது நினைவுபடுத்தியது. சூளைக் குடிசைக்கு ஜன்னலே கிடையாது. மழை பெய்தால் கல்லுக்குப் பாய் போர்த்த ஓடவேண்டும், பாய் போர்த்தத் தவறினால் அடி விழும். அதைக் குமுதா பெட்டியிடம் சொல்லவில்லை. டீச்சரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபமாவது இருந்திருந்தால் அருள்மேரி தாங்கியிருப்பார்.

பதினாறாம் நாள் ஒருங்கிணைப்பாளர் தணிகாசலம் மலையேறி வந்தார். இந்த மலையில் ஈடு உள்ள பள்ளிகள் எல்லாம் அவர் பொறுப்பு. முழங்கால் வலிக்காரர், நல்ல மனுஷன், வந்ததும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிறகு குமுதாவையும் ஈட்டையும் ஒரே கருவியில் இணைத்து அறுபது கேள்விகள் கேட்கவைத்தார். விடை சரியா என்பதல்ல சோதனை. இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று பார்ப்பது. நூற்றுக்கு அறுபது பொருந்த வேண்டும்.

குமுதாவுக்கு முப்பத்தொன்று. கருவியின் திரையில் இரண்டே சொற்கள் வந்தன: ஆள் வேறு.

தணிகாசலம் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன்ல பேசினது யாரு டீச்சர்?"

அருள்மேரி பதிவேட்டை மூடி வைத்தார்.

"நீங்க மட்டும் இல்ல. நான் பாக்கற பள்ளிக்கூடத்துல பாதி இப்படித்தான்" என்றார் தணிகாசலம். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த ரிசல்ட் தானா மேல போயிடும். போனா ரெண்டு வருஷ அழைப்பையும் தோண்டி எடுப்பாங்க. உங்க வேலை போகும், அது ஒரு பக்கம். அஞ்சு ஈட்டையும் ரத்து பண்ணுவாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு."

"என்ன செய்யலாம் சார்?"

"குமுதா இன்னும் வரலன்னு வச்சுக்குவோம். சோதனையும் நடக்கல, இந்தப் பதினஞ்சு நாளும் நடக்கல, ஈட்டுலேர்ந்து அழிச்சிடறேன். அது பாட்டுக்குப் படிக்கட்டும்."

"அப்ப இந்தப் பொண்ணு?"

"புதுச் சேர்க்கை. வேற பேரு. பெட்டில இருக்கற கேமராவும் ஒத்துக்கும். இவ குமுதா இல்லேன்னு இப்பத்தானே கருவியே சொல்லிச்சு? முன்ன படிச்ச பதிவு இல்லாததால ஒண்ணாம் வகுப்புலதான் வைக்க முடியும்."

"சும்மா வந்து உக்காந்துட்டுப் போகட்டுமே, பேரில்லாம."

"பதிவுல இல்லாத தலை அறைக்குள்ள இருந்தா கேமரா காட்டிக்குடுக்கும் டீச்சர். பேரு வேணும்."

அருள்மேரி அப்போது ஒன்று செய்திருக்கலாம். 'ரிசல்ட் மேலே போகட்டும் சார், நான்தான் பேசினேன், நானே ஒத்துக்கொள்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். வெளியே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் கேட்டது. பள்ளிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டதாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தப் பெட்டியை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அலமேலுவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது மணி மூன்றரை. அவளுக்குப் புரியவே நேரம் பிடித்தது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெத்து பேரு வச்சது நானு. எம்பொண்ணு இல்லேன்னு சொல்றதுக்கு இது யாரு?"

"தப்பு என்னோடதுதான் அலமேலு" என்றார் அருள்மேரி.

"தப்பு உன்னுது, பேரு போறது எம்பொண்ணுக்கா?" கல்யாணமாகி மலைக்கு வந்த பதினோரு வருஷத்தில் அவள் டீச்சரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "வேணாம். எம்பொண்ணு பேரு எம்பொண்ணுக்கு வேணும். பள்ளிக்கூடம் பூட்டினா பூட்டட்டும்."

தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். அருள்மேரிக்கு அந்த நொடியில் ஒருவித நிம்மதிகூட வந்தது. தான் செய்ய முடியாததை அலமேலு செய்யப்போகிறாள்.

அம்மாவோடு உள்ளே வந்து அதுவரை ஜன்னலோரம் நின்றிருந்த குமுதா, "பூட்டினா தம்பி எங்கம்மா போவான்?" என்றாள்.

அலமேலு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ்ப்பள்ளிக்கு நடக்கமாட்டான். தை மாசம் நீ அவனையும் லாரில ஏத்துவ. கல்லு திருப்ப ஆறு வயசுப் பையன் போதும்னு மேஸ்திரி சொன்னான் இல்ல?" கோபமாகச் சொல்லவில்லை. சூளையில் எத்தனை வரிசை காய்ந்தது என்று சொல்வதுபோல் சொன்னாள். பிறகு தணிகாசலத்தைப் பார்த்து, "எதுனா ஒரு பேரு வையுங்க சார்" என்றாள்.

அவசரத்தில் தணிகாசலம் குமுதவல்லி என்று அடித்தார். பழைய பெயரோடு ஒத்துப்போகிறது என்று கருவி மறுத்தது. குமாரி என்பதையும் மறுத்தது. கடைசியில் தன் தங்கை மகளின் பெயரை அடித்தார்.

"ஷாலினி" என்றார்.

"சாலினி" என்று சொல்லிப் பார்த்தாள் அலமேலு. அதற்குப் பிறகு அவள் அழுததை அருள்மேரி பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

மறுநாள் முதல் ஷாலினி ஒன்றாம் வகுப்புப் பாயில் தன் தம்பிக்குப் பக்கத்தில், காலை மடக்கி இடமில்லாமல் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டால் பதில் வர ஒரு நொடி தாமதமாகும். தம்பி தொடையில் தட்டுவான், பிறகு சொல்லுவாள். மூன்றாவது பெஞ்சில் குமுதா தாமதமில்லாமல் சொன்னது. பத்தே நாளில் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. பிள்ளைகளுக்கு எதுவும் பழகிவிடும் என்பதுதான் அருள்மேரிக்குப் பயமாக இருந்தது.

பதினைந்தாம் நாள் சனிக்கிழமை வந்தது. ஈட்டுக்கு அழைப்பு போகவேண்டிய நாள். இனி ஒருபோதும் தானே பேசுவதில்லை என்று அருள்மேரி முடிவு செய்திருந்தார். ஷாலினியைச் சமையல்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் போனைக் கையில் கொடுத்தார்.

"நீயே பேசும்மா. உன் வாயால பேசு. கொஞ்சம் கொஞ்சமா அது உன் மாதிரி மாறிடும். அடுத்த வருஷம் மறுபடியும் சோதனை வைப்போம், அப்ப ஒத்துப்போயிடும். உன் பேரை நான் வாங்கித் தரேன்" என்றார். சொல்லும்போது அதை அவர் நம்பவும் செய்தார்.

அவள் போனைக் காதில் வைத்தாள். மறுபக்கக் குரல் அருள்மேரிக்கும் கேட்டது. அதே குரல் வகுப்பறை ஜன்னல் வழியாகவும் வந்தது.

"எங்க இருக்க?" என்றது ஈடு.

"சூளைல" என்றாள்.

"அங்க மழையா?"

மண் வெடிக்கிற வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "மழைதான். கல்லுக்குப் பாய் போட்டுட்டு வந்தேன்."

"கை வலிக்குதா?"

"இல்ல."

அருள்மேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷத்தில் அவரிடம் ஈடு இப்படிக் கேட்டதே இல்லை. அவர் பேச்சில் கையே வந்ததில்லை, அதனால் அதற்கும் கேட்கத் தோன்றவில்லை.

"இங்க எங்க கிளாசுல புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா" என்றது ஈடு. "பேரு ஷாலினி. ரொம்பப் பெரிய பொண்ணு, ஆனா ஒண்ணாங் கிளாசுல சின்னப் பசங்களோட உக்காந்திருக்கா. பேரு கூப்பிட்டாகூடச் சட்டுன்னு பதில் சொல்லத் தெரியல. பாவமா இருக்கு."

அவள் சமையல்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பசங்க சிரிக்கறாங்களா அவளப் பாத்து?"

"சிரிக்கறாங்க. நான் சிரிக்கல."

"சிரிக்காத" என்றாள். "அவளுக்கு எதுனா தெரியலன்னா சொல்லிக் குடு. கல்லு அடுக்கற மாரி கணக்குப் போட்டா, தப்புன்னு சொல்லாத."

"சரி. நீ எப்ப வருவ?"

அருள்மேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவள் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்லுவார் என்று கொஞ்ச நேரம் காத்திருப்பது போலிருந்தது. டீச்சர் தலைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"நான் வரல" என்றாள் போனில். "நீ நல்லா படி, குமுதா."

பிறகு போனைப் பாவாடையில் துடைத்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, தம்பியைக் கூப்பிடப் போனாள்.